விபத்தில் காயமா? கையொப்பமிட முன் கணக்குப் பாருங்கள்

கடுகண்ணாவை ஏற்றத்திலோ, அக்குறணை நகர நெரிசலிலோ, திகன வீதியிலோ ஒரு விபத்து நடந்தால் நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ ஓடுகிறோம். உயிர் தப்பியதும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். மூன்றாம் நாள் மோதிய வாகனக்காரர் பழப் பையோடு வருகிறார், கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரும் வருகிறார். "நடந்தது நடந்திட்டு. கோட்டு, கேஸ் எண்டு ஏன் அலையிற? செலவுக்கு இதை வெச்சிக்கோங்க." ஐம்பதாயிரம் ரூபா கைமாறுகிறது. பொலிஸில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையொப்பமும் விழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காயப்பட்டவர் ஒரு மேசன் என்றும், நாட்சம்பளம் 4,000 ரூபா, மாதம் 22 நாள் வேலை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் அவர் சாரம் ஏற முடியாது. இழந்த கூலி மட்டும் 528,000 ரூபா. கிளினிக்குக்குப் போய் வரும் ஓட்டோ கூலி, வெளியில் வாங்கும் மருந்து, பிசியோதெரபி எல்லாம் தனி. ஓராண்டோ ஒன்றரையாண்டோ கழித்து பிளேட் கழற்ற இன்னொரு சத்திரசிகிச்சை வரலாம். கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டால் அவர் பழையபடி மேசன் வேலை செய்வாரா என்பதே கேள்விதான். இவை எதுவும் தெரியாத மூன்றாம் நாளில் தொகை பேசி முடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள்.

மன்னிப்பதை நான் குறை சொல்லவில்லை. தவறுதலாக நடந்த கொலைக்கும் காயத்துக்கும் தியத் என்று ஒன்றை மார்க்கம் விதித்திருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கும் உரிமையையும் பாதிக்கப்பட்ட தரப்புக்கே கொடுத்திருக்கிறது. விட்டுக்கொடுப்பவருக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டிலில் கிடப்பவரின் உரிமையை, அவருடைய பிள்ளைகளின் சோற்றை, பக்கத்தில் நிற்கும் பெரியவர் தாரைவார்க்க முடியாது.

நமது நாட்டில் விபத்து நட்டஈடு ரோம-டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது. அடுத்தவரின் கவனயீனத்தால் உங்களுக்கு ஏற்பட்ட பண இழப்பை அவர் ஈடு செய்ய வேண்டும், உடல் வேதனைக்கும் ஊனத்துக்கும் தனியாகக் கேட்கலாம். சாரதி இன்னொருவருக்காக வேலை செய்பவராக இருந்தால் முதலாளியும் பொறுப்பு. எனவே "டிரைவரிட்ட என்ன இருக்கு?" என்று கைவிட வேண்டியதில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். மோதியவர் ஏழையாக இருந்தாலும் அவருக்கு எதிரான தீர்ப்புத் தொகையைக் கொடுக்க வேண்டியது காப்புறுதி நிறுவனம்.

இதில் நம்மவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மூன்றாந்தரப்பு என்பது நீங்கள் மோதும் ஆளுக்கானது. உங்கள் மோட்டார் சைக்கிளை நீங்களே மதிலில் மோதினால் உங்கள் காலுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நண்பரின் சைக்கிளில் இலவசமாகப் பின்னால் ஏறிச் சென்றவருக்கும் அந்தப் பாதுகாப்பு கட்டாயமானதல்ல. பத்திரத்தில் அதையும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு காலக்கெடுக்களை மனதில் வையுங்கள். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "இன்ஷூரன்ஸ்காரங்க பாத்துச் சொல்றம் எண்டாங்க" என்று காத்திருந்து இந்த இரண்டு வருடத்தைக் கடத்தியவர்கள் நிறையப் பேர். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்பதில்லை. மற்றது, வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்போ, தாக்கல் செய்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அது தவறினால் தீர்ப்பை வென்றும் நிறுவனத்திடம் பணம் வாங்க முடியாமல் போகும். மோதியது அரச திணைக்கள வாகனம் என்றால் வழக்குக்கு ஒரு மாதம் முன்னரே அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்குத் தண்டம் விதித்தார்களே, அதோடு விஷயம் முடிந்துவிட்டதே என்று சிலர் நினைக்கிறார்கள். தண்டம் அரசாங்கத்துக்குப் போகிறது. நீதவான் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடலாம், ஆனால் முழு இழப்பையும் கணக்கிடும் இடம் மாவட்ட நீதிமன்றம். இரண்டும் வேறு வேறு பாதைகள்.

ஹெல்மட் போடவில்லை, கடவையில் கடக்கவில்லை, ஆகவே கேட்க வாயில்லை என்றும் பலர் பின்வாங்குகிறார்கள். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு உங்கள் பங்குத் தவறு உங்கள் உரிமையை அழிப்பதில்லை. உங்கள் தவறின் அளவுக்குத் தொகை குறையும்.

இனி நம் சமூகத்துக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருகிறேன். கண்டியைச் சுற்றியுள்ள முஸ்லிம் ஊர்களில் சம்பளப் பட்டியல் உள்ளவர்கள் குறைவு. நடைபாதை வியாபாரி, ஓட்டோ சாரதி, தையல்காரர், வீட்டில் சமைத்து விற்கும் பெண்: இவர்கள் மாதம் எவ்வளவு உழைக்கிறார்கள் என்பதற்குக் கடதாசி இல்லை. நீதிமன்றத்தில் "மாதம் ஒரு இலட்சம் உழைத்தேன்" என்று வாயால் சொன்னால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைச் சிரித்தபடியே உடைத்துவிடுவார். ஆனால் ஆதாரம் வேறு வடிவங்களில் இருக்கிறது. வங்கியில் போட்ட பணம், மொத்தக் கடை பில்கள், வாடிக்கையாளர் கடன் கொப்பி, பிரதேச சபை வியாபார அனுமதிப் பத்திரம், ஓட்டோ லீசிங் கட்டிய பற்றுச்சீட்டுகள், வேலை கொடுத்த கொந்தராத்துக்காரரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழ். பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. வருமானத்தை எங்கும் காட்டாமல் இருந்துவிட்டு விபத்துக்குப் பின் மட்டும் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் இப்போதாவது பேச வேண்டும்.

வைத்தியசாலைக் கடதாசியும் அப்படித்தான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் டயக்னோசிஸ் கார்ட்டைத் தொலைத்துவிடுகிறோம். அதையும் கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரேயையும் பார்மசி பில்களையும் ஒரே கோப்பில் போடுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள், வாகன இலக்கத்தையும் காப்புறுதிப் பத்திர இலக்கத்தையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும் முறைப்பாடு அவசியம். அப்படிப்பட்டவர்களுக்கு வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபை ஒரு நட்டஈடு வழங்குகிறது, பொலிஸ் பதிவு இல்லாமல் அங்கே போக முடியாது.

வேலைத்தளத்தில் விழுந்தவருக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதிகபட்சத் தொகை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக 2022 இல் உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேர்ந்தது.

உழைப்பவர் மௌத்தாகிவிட்டால் அவரில் தங்கியிருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் தாங்கள் இழந்த பராமரிப்புக்காக வழக்குப் போடலாம். இங்கே ஒரு வேதனையான விஷயம். நிக்காஹ் பதிவு செய்யப்படாவிட்டாலும் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி அது செல்லுபடியற்றதாகிவிடாது. ஆனால் பதிவுச் சான்றிதழ் இல்லாத விதவை, தான் மனைவிதான் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைய நேரிடும். இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணை அந்த நிலைக்கு விடுவது யார் பொறுப்பு?

2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இ.போ.ச. பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபா அறிவிக்கப்பட்டது. அது அரசாங்கத்தின் நிவாரணம், இழப்பைக் கணக்கிட்டு வந்த நட்டஈடு அல்ல. நாடே பார்த்த விபத்துக்கு இப்படியாவது ஓர் அறிவிப்பு வந்தது. மடவளையில் ஓட்டோவில் மோதுண்டு கிடக்கும் தனி மனிதருக்கு எந்த அறிவிப்பும் வராது, அவருடைய கோப்பை அவரேதான் தூக்க வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தை நாடலாம். போகும்போது அந்தக் கோப்போடு போங்கள். காப்புறுதி நிறுவனம் ஒரு படிவத்தை நீட்டினால், அதில் 'முழுமையானதும் இறுதியானதுமான கொடுப்பனவு' என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் வாசித்து விளக்கக்கூடிய ஒருவரிடம் காட்டாமல் பேனாவை எடுக்க வேண்டாம்.