படைப்பாளருக்குப் பின் வரைகதை நாயகர்கள்

வரைகதை நாயகர் ஒருவர், தம்மை உருவாக்கிய எழுத்தாளரும் ஓவியரும் விலகிய பின்னரோ மறைந்த பின்னரோ பிறர் கையில் தொடர்ந்து வாழ்வது உலக வரைகதை வரலாற்றில் பரவலாகக் காணப்படும் நிகழ்வாகும். சில நாயகர்கள் இவ்வாறு பல பத்தாண்டுகள் வளர்ந்துள்ளனர். சிலர் படைப்பாளரோடு முடிவடைந்துள்ளனர். வேறு சிலர் புதிய கதைகள் இன்றி மறுபதிப்புகளில் மட்டும் வாழ்கின்றனர். தமிழ் வாசகர்கள் அறிந்த நாயகர்களிடையே இம்மூன்று வகையினரும் உள்ளனர்.

சிவகாசிப் பதிப்புகள்

தமிழில் மொழிபெயர்ப்பு வரைகதைகளின் முதன்மை மையம் சிவகாசி ஆகும். இந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் திருவில்லிபுத்தூரும், அதற்கு அப்பால் இராஜபாளையமும் அமைந்துள்ளன. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி 1985 இல் விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. மு. சௌந்திரபாண்டியன் 1972 இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் தொடக்ககால ஆசிரியராக இருந்தார். அதன் முதல் இதழ் "இரும்புக்கை மாயாவி" ஆகும். 1984 இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி ஆவார்.

இரும்புக்கை மாயாவி, பிரித்தானிய வார இதழான வேலியண்டில் 1962 இல் தோன்றிய கதைமாந்தர். தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னர் டாம் டல்லி எழுதினார். அக்காலப் பிரித்தானிய வார இதழ்கள் பொதுவாகப் படைப்பாளர் பெயர்களை அச்சிடுவதில்லை. எனவே எழுத்தாளர் மாறியதை இலண்டன் வாசகரே அறிய வழியில்லை. இராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ அக்கதையைத் தமிழில் படித்தவருக்கும் நிலை அதுவே. வாசகருக்கு நாயகரின் பெயர் மட்டுமே அடையாளமாக இருந்தது.

கைமாறி வளர்ந்தவர்கள்

ஸ்பைடர்: பிரித்தானியாவின் லயன் வார இதழில் 1965 இல் தோன்றிய இக்கதைமாந்தரை டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைந்தார். சிறிது காலத்தில் எழுத்துப் பணி ஜெர்ரி சீகலிடம் சென்றது. குற்றவுலகின் அரசனாக முற்பட்ட ஸ்பைடர், சீகலின் கதைகளில் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். பின்னாளில் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழிலும் புகழ் பெற்றான்.

வேதாளர்: லீ பாக் 1936 இல் உருவாக்கியவர். ராணி காமிக்ஸில் இவர் மாயாவி என்று அழைக்கப்பட்டார். இவர் இரும்புக்கை மாயாவியின் வேறானவர். சுவீடனில் 1960களிலிருந்தே பிற எழுத்தாளர்கள் இவருக்குப் புதிய கதைகளை எழுதினர். லீ பாக் 1999 இல் மறைந்த பின்னர் நாளிதழ்த் தொடரை டோனி டிபால் எழுதலானார். முகமூடி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது இக்கதையின் அடிப்படையாகும். எழுத்தாளர் மாற்றமும் அம்மரபோடு இயைந்து நின்றது எனலாம்.

டெக்ஸ் வில்லர்: ஜான் லூயிஜி போனெல்லியும் ஓவியர் அவுரேலியோ கலெப்பினியும் 1948 இல் இத்தாலியில் உருவாக்கியவர். கலெப்பினி 1994 இலும் போனெல்லி 2001 இலும் மறைந்தனர். அதற்கு முன்னரே கிளாவுடியோ நிட்சி, மவுரோ போசெல்லி முதலியோர் எழுதத் தொடங்கியிருந்தமையால் தொடர் தடைப்படவில்லை.

லக்கி லூக்: பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946 இல் உருவாக்கியவர். 1955 முதல் 1977 இல் தாம் மறையும் வரை ரெனே கோசினி கதை எழுதினார். மோரிஸ் 2001 இல் மறைந்தபின் ஓவியர் அஷ்டே தொடர்ந்து வரைந்தார்.

படைப்பாளரோடு முடிந்தவர்கள்

மாடஸ்டி: பீட்டர் ஓடானலும் ஓவியர் ஜிம் ஹோல்டவேயும் 1963 இல் உருவாக்கியவர். ஹோல்டவே 1970 இல் மறைந்தபோது என்ரிக் ரொமேரோ அவரிடத்தை நிரப்பினார். எனினும் ஓடானல் தம் எழுத்துப் பணியைப் பிறருக்கு அளிக்கவில்லை. 1996 இல் வெளியான சிறுகதையொன்றில் நாயகியின் முடிவையும் எழுதினார். நாளிதழ்த் தொடரை 2001 இல் நிறைவு செய்தார்.

டின்டின்: 1983 இல் மறைந்த எர்ஜே, தமக்குப் பின் வேறெவரும் டின்டின் கதைகளைப் படைக்கக்கூடாது என்று விரும்பினார். அவர் முடிக்காது விட்ட கதை, வரைவு நிலையிலேயே 1986 இல் நூலாயிற்று.

மாண்ட்ரேக்: இவரும் லீ பாக் படைத்தவரே (1934). ஓவியர் பில் டேவிஸ் 1964 இல் மறைந்தபின் பிரெட் பிரெடரிக்ஸ் வரைந்தார். 1999 இற்குப் பின் எழுதவும் செய்தார். அவர் 2013 இல் ஓய்வு பெற்றபோது, அடுத்தவர் அமர்த்தப்படாமையால் தொடர் நின்றது. ஒரே எழுத்தாளரின் இரு நாயகர்களுள் ஒருவர் தொடர, மற்றவர் நின்றுபோனமை குறிப்பிடத்தக்கது.

மறுபதிப்பு வாழ்வு

வேலியண்ட் இதழ் 1976 இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் இரும்புக்கை மாயாவியின் பழைய கதைகள் தமிழில் 2010களிலும் மறுபதிப்புக் கண்டன. பிறந்த நாட்டில் புதுக்கதை இல்லாத நாயகர், மொழிபெயர்ப்பின் வழியே வேறொரு மண்ணில் நினைவில் நிலைத்தமைக்கு இது சான்றாகும். எனினும் இதனை வளர்ச்சி எனக் கூற இயலாது. சிறுவயதில் படித்தவரின் நினைவே இவ்வகை மறுபதிப்புகளுக்குப் பெரும் ஆதரவாகும். புதிய தலைமுறையை ஈர்க்கப் புதிய கதைகள் தேவைப்படுகின்றன.

இந்தியாவில்

டிங்கிள் இதழின் சுப்பாண்டி, திருச்சிராப்பள்ளி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டார் நகைச்சுவைக் கதைகளிலிருந்து 1983 இல் உருவானவன். முதலில் வரைந்த ராம் வயீர்கருக்குப் பின்னரும் பிற ஓவியர்கள் வரைந்து வருகின்றனர். பிராண் உருவாக்கிய சாச்சா சவுத்ரி, 2014 இல் அவர் மறைந்த பின்னரும் வழக்கிலிருந்து, 2021 இல் கங்கைத் தூய்மைத் திட்டத்தின் அடையாளச் சின்னமாக அறிவிக்கப்பட்டார்.

உரிமைச் சிக்கல்

நாயகர் செழித்தால் படைப்பாளரும் செழிப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938 இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். நாயகர் பிறர் கையில் பெருஞ்செல்வம் ஈட்ட, அவர்கள் வறுமையுற்றனர். 1975 இல்தான் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயர்க் குறிப்பும் கிடைத்தன. தம் நாயகரை இழந்த அதே சீகல், ஸ்பைடரில் இன்னொருவரின் நாயகரை வளர்த்தெடுத்தார் என்பது இவ்வரலாற்றின் முரணாகும்.

தொடர்ச்சிக்கான காரணிகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து மூன்று காரணிகளைக் காணலாம். முதலாவது, உரிமையாளர் தொடர விரும்புதல். இரண்டாவது, மூத்த படைப்பாளர் இருக்கும்போதே அடுத்தவர் பயிற்சி பெறுதல். டெக்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூன்றாவது, நாயகரின் அடிப்படைக் குணம் மாறாதிருத்தல் அல்லது, ஸ்பைடரைப் போல், வாசகர் ஏற்கும் வகையில் மாறுதல். இவற்றுள் முதலாவது இல்லாவிடத்து மற்ற இரண்டும் பயன் தருவதில்லை என்பதை மாடஸ்டியும் டின்டினும் காட்டுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

இரும்புக்கை மாயாவி
முத்து காமிக்ஸ்
லயன் காமிக்ஸ்
ராணி காமிக்ஸ்