பாலைவனத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம்: 'லேடி பி குட்' கதை

இன்னைக்கு நாம பார்க்கப் போறது ஒரே ஒரு முறை போருக்குப் போன ஒரு விமானத்தோட கதை. போன இடத்திலிருந்து திரும்பி வரும்போது, உள்ளே இருந்த 9 பேரோட காணாமப் போச்சு. மத்தியதரைக் கடல்ல விழுந்திருக்கும்னு முடிவு பண்ணி ஃபைலை மூடிட்டாங்க. 15 வருஷம் கழிச்சு அது கிடைச்சுது. ஆனா கடல்ல இல்லை. கடற்கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, லிபியப் பாலைவனத்துக்கு நடுவில்.

அது 1943 ஏப்ரல் மாதம். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன், இத்தாலியப் படைகள் துனீசியாவில் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தன. அவர்களுக்குத் தேவையான சரக்குகள் இத்தாலியின் துறைமுகங்களிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. அதில் முக்கியமானது நேப்பிள்ஸ். அதைத் தாக்கும் வேலை அமெரிக்க விமானப்படையின் 376-வது குண்டுவீச்சுப் பிரிவுக்கு வந்தது. லிபியாவில் பெங்காசிக்குத் தெற்கே சொலூக் என்ற ஊரில் இருந்த மணல் ஓடுதளம்தான் அவர்கள் தளம்.

விமானம் பி-24 லிபரேட்டர். நாலு எஞ்சின் கொண்ட கனரகக் குண்டுவீச்சு விமானம். அந்தப் போரில் இந்த ரகத்தில் 18,000-க்கும் மேல தயாரிச்சாங்க. அந்த 18,000-ல ஒண்ணுதான் 'லேடி பி குட்'. விமானி வில்லியம் ஹாட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், திசை பார்த்து வழி சொல்லும் நேவிகேட்டர் ஹேஸ், குண்டு வீசும் பொறுப்பில் ஜான் வொராவ்கா. இவங்களோட எஞ்சினியர் ரிப்ஸ்லிங்கர், ரேடியோ ஆபரேட்டர் லாமோட், துப்பாக்கி வீரர்கள் ஷெல்லி, மூர், ஆடம்ஸ். விமானமும் ஆட்களும் லிபியா வந்து சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. இதுதான் அவங்க முதல் தாக்குதல்.

ஒரு எண், ரெண்டு அர்த்தம்

ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மணல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கிளம்பிய விமானங்களில் இதுவும் ஒன்று. எஞ்சினுக்குள் மணல் புகுந்ததால் கூட வந்த பல விமானங்கள் பாதியிலேயே திரும்பிவிட்டன. மிச்சமிருந்த சில விமானங்கள் நேப்பிள்ஸை நெருங்கும்போது இருட்டிவிட்டது. இலக்கு தெரியவில்லை. 'லேடி பி குட்' குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பியது.

நள்ளிரவு தாண்டி 12 நிமிஷம். பெங்காசி அருகே பெனினாவில் இருந்த ரேடியோ நிலையத்தை ஹாட்டன் அழைக்கிறார். "திசை காட்டும் கருவி வேலை செய்யலை, நான் எங்க இருக்கேன்னு சொல்லுங்க" என்று கேட்கிறார். நிலையத்தில் அளந்து பார்த்துச் சொன்னார்கள்: 330 டிகிரி. அதாவது, நீங்க எங்களுக்கு வடமேற்கே, கடல் பக்கம் இருக்கீங்க.

இங்கதான் விஷயமே இருக்கு. அந்தக் காலத்து வளைய ஆண்டெனா, சிக்னல் எந்தக் கோட்டில் வருதுன்னு காட்டும். அந்தக் கோட்டில் முன்பக்கமா, பின்பக்கமா என்று அதுவாகப் பிரித்துச் சொல்லாது. எளிமையா சொன்னா, ஆள் எந்தத் தெருவுல நிக்கிறார்னு சொல்லிடும், தெருவோட எந்தக் கோடியிலன்னு சொல்லாது. 330-க்கு நேர் எதிர்த்திசை 150, அதாவது தென்கிழக்கு. விமானம் ஏற்கெனவே தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்கு மேல போயிருந்தாலும் அந்தக் கருவி இதே கோட்டைத்தான் காட்டும். நேப்பிள்ஸ் போன விமானம் வடமேற்கிலிருந்துதானே வரணும்? அதனால 330-ன்னு சொன்னதும் யாருக்கும் சந்தேகம் வரலை.

கேட்ட நேரத்தில் விமானம் கடல் மேல இருந்ததா, தாண்டிப் போயிருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ரெண்டு கருத்து உண்டு. ஆனா முடிவு ஒண்ணுதான். தளம் இன்னும் முன்னால இருக்குன்னு நம்பி, தளத்துக்கு மேலேயே பறந்து, தெற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். கீழேயிருந்து விட்ட ஒளிக்குண்டுகள் அவர்கள் கண்ணில் படவில்லை. இருட்டில் மேலேயிருந்து பார்த்தால் கடலும் பாலைவனமும் ஒரே கறுப்புதான். அதிகாலை 2 மணிக்கு எரிபொருள் தீர்ந்துபோகும் நிலை. 9 பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். கடலில் விழுந்தால் மிதப்பதற்கான உடுப்புகளோடு! பல வருஷம் கழிச்சு அந்த மிதவை உடுப்புகளை மணலில் கண்டெடுத்தார்கள்.

எண்ணெய் தேடிப் போனவர்கள்

1958-ல் பாலைவனத்தில் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குழு ஒன்று வானத்திலிருந்து இந்த விமானத்தைப் பார்த்தது. திரிப்போலி அருகே இருந்த வீலஸ் அமெரிக்கத் தளத்துக்குத் தகவல் போனது. அந்தப் பகுதியில் எந்த விமானமும் தொலைந்ததாக அவர்கள் பதிவில் இல்லை. அதனால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1959-ல்தான் தரைவழியாக ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

விமானம் வயிறு தரையில் தேய இறங்கி, இறக்கைக்குப் பின்னால் இரண்டாக உடைந்து கிடந்தது. விமானி இல்லாமல் தானாகவே இறங்கியிருக்கிறது! ரேடியோ வேலை செய்தது. துப்பாக்கி சுட்டது. உள்ளே சாப்பாடும் தண்ணீரும் இருந்தன. மனுஷங்க மட்டும் இல்லை.

தேடுதல் தொடங்கியது. விமானத்துக்கு வடக்கே, மணலில் ஒரு ஜோடி பூட்ஸ் வடக்கைக் காட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. இன்னும் போனால், பாராசூட் துணியைக் கிழித்து, கல் வைத்து அழுத்திய அம்புக்குறிகள். பின்னால் தேடி வருகிறவர்களுக்கு வழி காட்டியபடியே நடந்திருக்கிறார்கள். ஆனால் மணற்குன்றுகள் தொடங்கும் இடத்தோடு தடயம் முடிந்துவிட்டது.

1960 பிப்ரவரியில் இன்னொரு எண்ணெய்க் குழு 5 உடல்களைக் கண்டுபிடித்தது: ஹாட்டன், டோனர், ஹேஸ், லாமோட், ஆடம்ஸ். டோனரிடம் ஒரு சின்ன டயரி இருந்தது. அந்த எட்டு நாளும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

குதிச்சதும் எட்டுப் பேர் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. வொராவ்காவை மட்டும் காணோம். கையில் இருந்தது பாதி குடுவைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி. எட்டுப் பேருக்கு! பகலில் ஒதுங்க நிழல் இல்லை. இரவில் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கியது. 15 நிமிஷம் நடப்பது, 5 நிமிஷம் உட்காருவது என்று கணக்கு வைத்து நடந்தார்கள். வியாழக்கிழமை மணற்குன்றுகள் வந்தன. லாமோட்டுக்குக் கண் தெரியாமல் போனது. அன்றைய குறிப்பிலும் வடமேற்கு நோக்கியே போவதாக எழுதியிருக்கிறார் டோனர். வெள்ளிக்கிழமை ஐந்து பேரால் எழ முடியவில்லை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடிப் போனார்கள். டயரி ஏப்ரல் 12, திங்கட்கிழமையோடு நிற்கிறது. அன்றைக்கு எழுதியது ரெண்டே செய்தி: இன்னும் உதவி வரவில்லை, இரவு ரொம்பக் குளிர்.

அந்த ஐந்து பேர் நடந்தது சுமார் 100 கிலோமீட்டர். ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் அதற்கும் வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போயிருக்கிறார்கள். அவர்கள் உடல்கள் 1960 மே மாதம் கிடைத்தன. ஆகஸ்டில் வொராவ்கா கிடைத்தார். அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை. மூர் இன்றுவரை கிடைக்கவில்லை.

தெற்கே 26 கிலோமீட்டர்

இப்ப ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. இவங்க குதிச்ச இடத்திலிருந்து விமானம் விழுந்த இடம் தெற்கே சுமார் 26 கிலோமீட்டர். தண்ணீர், சாப்பாடு, வேலை செய்யும் ரேடியோ எல்லாம் அங்கே இருந்தது. இவர்கள் நடந்தது வடக்கே. தளமோ சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில்.

முட்டாள்தனம்னு சொல்லிட முடியுமா? என்னால முடியலை. கீழே தரை இருக்கு, அப்படின்னா கடற்கரையை இப்பதான் தாண்டியிருப்போம், வடமேற்கே நடந்தா ஊர் வந்துடும். அவங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சுப் பார்த்தா இந்தக் கணக்கு சரிதான். தண்ணியைப் பங்கு போட்டாங்க, அடையாளம் விட்டுட்டுப் போனாங்க, கடைசி வரைக்கும் ஒழுங்கா நடந்தாங்க. தப்பு அவங்க நடையில இல்லை. நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே, எங்கே இருக்கோம்ங்கிற அந்த முதல் நம்பிக்கையில இருந்தது. அதுக்கு அப்புறம் எடுத்த ஒவ்வொரு சரியான முடிவும் அவங்களை விமானத்திலிருந்து இன்னும் தூரமாத்தான் கொண்டுபோச்சு.

விமானத்தின் மிச்சங்களை 1994-ல் தோப்ருக் நகருக்குக் கொண்டுபோனார்கள். லாமோட்டின் ஊரான அமெரிக்காவின் லேக் லிண்டனில் அதன் புரொப்பெல்லர் ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது.

அடுத்த முறை ஏதாவது போர்ப் பதிவில் "கடலில் விழுந்திருக்கலாம்" என்ற வரியைப் படித்தால், இந்த ஒன்பது பேரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.