குடைந்ததும் கட்டியதும்

கோயில் கட்டடக்கலை வளர்ந்த விதத்தைப் பாடநூல்கள் ஓர் ஏணியாக வரைந்து காட்டும். முதற்படி குடைவரை, அடுத்தது ஒற்றைக்கல் ரதம், கடைசியில் கற்களை அடுக்கிய கற்றளி. மாமல்லபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவருக்கு இது சரியென்றே படும். புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைக்குப் போனால் ஏணி ஆட்டம் காணும். அங்கே மேலமலையின் ஒரே சரிவில் கிழக்கு பார்த்த குடைவரைகளும் மேற்கு பார்த்த விஜயாலய சோழீச்சுரமும் எதிரெதிரே நிற்கின்றன. சிறிய குடைவரையான பழியிலீச்சுரத்தைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி என்ற முத்தரையன். காலம் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. எதிரே உள்ள கற்றளியும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுப்பித்த அது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. குடைவதும் கட்டுவதும் இந்த மலையில் முன்பின் வந்த படிகளல்ல. ஒரே காலத்தவர் கையிலிருந்த இரண்டு வழிகள்.

'புதுக்கோட்டை அன்று ஒதுக்குப்புறம். காஞ்சியில் கைவிட்ட பழக்கம் இங்கே நூறாண்டு தாமதமாக ஓய்ந்தது, அவ்வளவுதான்' என்று ஒருவர் மறுக்கலாம். காஞ்சி கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது உண்மைதான். ஆனால் விஜயாலய சோழீச்சுரம் பின்தங்கியவர் கைவேலை அன்று. வட்டமான கருவறை, அதைச் சூழ்ந்து நடக்க இடம், வெளியே சதுரச் சுவர், மேலே மறுபடி வட்டச் சிகரம், சுற்றிலும் சிற்றாலயங்கள். சதுரத்துக்குள் வட்டத்தை நிறுத்தி அதன் மேல் விமானத்தின் பாரத்தை ஏற்றத் தெரிந்தவர்களுக்குக் கட்டத் தெரியாததால் குடைந்தார்கள் என்று சொல்வது பொருந்தாது. தவிர, எல்லோராவின் கைலாசம் 8ஆம் நூற்றாண்டில், பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயில் கட்டிமுடிந்த பிறகு, அதன் சாயலிலேயே மலையை வெட்டி இறக்கியது. அதை வெட்டுவித்த இராட்டிரகூடரை ஒதுக்குப்புறத்தார் என்று யாரும் சொல்வதில்லை.

பாறையைக் குடைந்தவர்களும் மரக் கட்டடத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். பீகாரின் பராபர் குன்றில் லோமச ரிஷி குகையின் வாயில், வளைத்த மரச்சட்டங்களின் முகப்பைக் கல்லில் அப்படியே காட்டுகிறது. பௌத்த சைத்தியங்களின் முகப்பில் பெரிதாகத் திறந்த அந்த வளைவு, நம் கோயில்களின் கூரை விளிம்பான கபோதத்தில் கைப்பிடி அளவுக் கூடாகச் சுருங்கிவிட்டது. வட்டக் கருவறைக்கும் முன்னோடிகள் பௌத்தத்தில் உண்டு: இராஜஸ்தானத்து பைராட்டில் செங்கல்லும் மரத்தூணும் கொண்டு எழுப்பியது, ஆந்திரத்துக் குண்டுபள்ளியில் குடைந்தது. இதை வைத்து இந்துக் கோயில் பௌத்தத்திடம் கடன் வாங்கியது என்று முடிவுகட்டத் தேவையில்லை. தச்சனும் கல்தச்சனும் கூலி தந்தவர் எவராயினும் தம் கைக்குப் பழகிய வடிவத்தையே செய்தார்கள். சமணர் குகையான சித்தன்னவாசலிலும் குடைவதும் கட்டுவதும் சேர்ந்தே வருவதைப் பார்க்கிறோம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அங்கே பழைய குடைவரையைச் செப்பனிட்டு, முன்னால் ஒரு மண்டபத்தைக் கட்டிச் சேர்த்தார். பழியிலீச்சுரத்துக்கும் சாத்தன் பழியிலியின் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபம் எடுத்தாள். தந்தை குடைந்ததன் முன்னால் மகள் கட்டியிருக்கிறாள்; இதில் எந்தப் படியை முதற்படி என்பது?

அப்படியானால் 10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு புதிய குடைவரைகள் ஏன் அருகின? இதற்குக் காரணத்தைச் சிற்பியின் திறமையில் தேடுவதைவிடக் கோயிலின் வேலையில் தேடுவது மேல். இந்த மாவட்டத்தின் கடும்பாறையில் ஒரு சின்ன அறை வெட்டவே பெரும்பாடு. மலை இருக்கும் இடத்துக்குத்தான் கோயிலும் போகவேண்டும். நிலமும் நெல்லும் கணக்கும் கோயிலைச் சேரத் தொடங்கியபின் அது ஊர் நடுவே, ஏரிக்கும் வயலுக்கும் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. கொடும்பாளூர் மூவர்கோயில் சமவெளியில் எழுந்தது. இருக்குவேள் பூதி விக்ரமகேசரி தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயர்களாலும் மூன்று விமானங்களை ஒரே வரிசையில் நிறுத்தினான். அந்த வரிசையைக் குன்றைக் குடைந்து பெறுவது எளிதன்று. மூன்றில் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கடைசியாக, சான்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் பல்லவன் மகேந்திரவர்மன் பொறித்த கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. அவற்றால் கட்டுவது அன்று வழக்கமாக இருந்ததால்தான் அது பெருமை. அந்தக் கோயில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. செங்கல் அழிவதற்கு ஆயிரம் ஆண்டு தேவையில்லை: இராஜராஜன் ஆனைமங்கலத்தைத் தானமாக அளித்த நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் செங்கற் கோபுரம் 1867இல்தான் இடித்துத் தள்ளப்பட்டது. குன்றில் குடைந்தது மழைக்கும் மனிதனுக்கும் தப்பி நிற்கிறது என்பதால், அதுவே முதலில் பிறந்தது என்று கணக்கெழுத முடியாது.