வேட்டையும் பிழைப்பும்: ஆங்கில வேட்டைச் சட்டங்கள் வினவிய ஒரு வினா

வேட்டை என்னும் சொல் செவிப்பட்டவுடன் தமிழ் பயின்றார் நெஞ்சில் தோன்றுவோர் குறிஞ்சி நிலத்துக் கானவரும் பாலை நிலத்து எயினருமே ஆவர். அவர்க்கு வேட்டை பொழுதுபோக்கன்று, பிழைப்பு. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொழிலைச் ‘செய்தி’ என்னும் பெயரால் குறித்து, உணவொடும் விலங்கொடும் ஒருங்கு வைத்தார். ஒரு நிலத்து மாந்தர் எதனால் வாழ்கின்றனரோ அதுவே அவர்தம் அடையாளம் என்பது அக்காலத்தார் கொள்கை. ஆகலின், ‘வேட்டையாடுவோன் பிழைப்புக்கு என் செய்கின்றான்?’ என்று நம் முன்னோர் வினவியிருக்க இயலாது. வினாவிலேயே விடை அடங்கிவிடும்.

ஆங்கில நாட்டிலோ இவ்வினா பொருளுடையது. அந்நாட்டில் முயலையும் கௌதாரியையும் சுடுவோரும், நாய்களொடு நரியைத் துரத்துவோரும், ஆற்றங்கரையில் தூண்டிலொடு அமர்வோரும் பெரும்பாலும் வேறொன்றால் வாழ்வோர். அவ்வேறொன்று யாது என்று முதற்கண் வினவியவர் வரலாற்றாசிரியர் அல்லர், சட்டம் இயற்றியோர். 1390 முதல் 1831 வரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் சட்டங்கள் இவ்வினாவை விடாது கேட்டு வந்தன. அவ்வினாவின் வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தே, 1390-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே இவ்வகையில் முதலாவது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் நிலமில்லாத பொதுமக்களும், 10 பவுன் வருவாயில்லாத சமயக் குருமாரும் வேட்டை நாய் வளர்த்தலும் வலை முதலிய கருவிகள் வைத்திருத்தலும் கூடா என்று அது விதித்தது. ஒரு பவுன் 20 ஷில்லிங் ஆதலின், குருமார்க்கு விதித்த அளவு ஏனையோர்க்கு விதித்ததனினும் ஐம்மடங்கு என்பது நோக்கத்தக்கது. சட்டத்தின் முன்னுரை கூறும் காரணம் இன்னும் சுவையுடையது. நல்லோர் கோயிலில் வழிபடும் திருநாட்களில் கைவினைஞரும் கூலியாட்களும் வேட்டை என்னும் பெயரால் காட்டில் கூடிக் கலகம் சூழ்கின்றனர் என்பதே அது. 1381-ஆம் ஆண்டின் உழவர் எழுச்சி நிகழ்ந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. முயல் குறைந்துவிடும் என்று அஞ்சினாரல்லர். கூலியாள் கையில் நாயும் வலையும் இருத்தலையே அஞ்சினர்.

பின்வந்த மன்னர்கள் காலத்தில் இவ்வருவாய் அளவு உயர்த்தப்பட்டது. அதன் உச்சம் 1671-ஆம் ஆண்டுச் சட்டமாகும். ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் முழு உரிமை நிலம் உடையோரும், 99 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையில் 150 பவுன் வருவாய் பெறுவோரும், எஸ்கொயர் என்னும் தகுதியுடையார்க்கும் அவரினும் உயர்ந்தார்க்கும் மூத்த வாரிசாய மைந்தரும், காடு, மான்பூங்கா முதலியவற்றின் தனியுரிமை பெற்றோருமே முயல், கௌதாரி, ஃபெசன்ட், கிரவுஸ் ஆகிய உயிர்களைக் கொல்லத் தகுதியுடையோர் ஆயினர். பாராளுமன்றத்திற்கு நாட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 40 ஷில்லிங் வருவாய் போதும். ஒரு கௌதாரியைச் சுட அதனினும் ஐம்பது மடங்கு வேண்டும். இக்கணக்கைச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனே தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது 100 பவுன் என்னும் தொகையன்று. அது நிலத்தினின்றே வரல் வேண்டும் என்பதே. கப்பல் வாணிகத்தில் பல்லாயிரம் பவுன் ஈட்டிய இலண்டன் வணிகனும் நிலம் வாங்காதவரை தகுதியற்றவனே. தன் கழனியில் மேயும் முயலைக் காணும் குத்தகை உழவனும் தகுதியற்றவனே. விளைவை உண்ணும் முயலை அவன் ஓட்டலாம், கொல்லல் ஆகாது. இச்சட்டங்களை ஆராய்ந்த மன்ஷே என்பார், 1981-இல் வெளிவந்த தம் நூலில், இது நிலமுடையோர் பணமுடையோர்க்கு எதிரே எழுப்பிய வேலி என்னும் கருத்தை விளக்கியுள்ளார். கருத்து ஏற்புடையதே. எனினும் அவ்வேலியின் முள் வணிகனைவிட உழவனையும் கூலியாளையுமே மிகுதியாகக் கிழித்தது என்பதை மறத்தற்கில்லை. வணிகனுக்கு நிலம் வாங்கும் வழி திறந்தே இருந்தது. ஏனையோர்க்கு எவ்வழியும் இல்லை. தகுதியில்லார் வீடுகளில் துப்பாக்கி, நாய், வலை ஆகியவற்றைத் தேடிப் பறிக்கும் அதிகாரமும் இச்சட்டத்தால் வேட்டைக்காவலர்க்குக் கிடைத்தது.

நிலத்தை வினவிய சட்டம் தொழிலை நேரே வினவியது 1692-இல் ஆகும். தம் தொழிலைப் புறக்கணித்து வேட்டையிலும் மீன்பிடித்தலிலும் திரியும் ‘தாழ்ந்த வணிகர், தொழில் பழகுநர், ஒழுக்கங்கெட்ட பிறர்’ ஆகியோர் பிறர் நிலத்தில் புகுந்தால் வழக்கின் முழுச் செலவையும் அவரே இறுத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். வணிகனையும் பழகுநனையும் ஒழுக்கங்கெட்டவனொடு ஒருங்கு வைத்த நயம் ஒருபுறம் இருக்க, ‘தாழ்ந்த வணிகர்’ யாவர் என்பதை எவ்வாறு துணிவது? மருந்து விற்கும் அறுவை மருத்துவர் ஒருவர் இச்சொல்லுள் அடங்குவரா என்னும் வினா 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீதிமன்றம் ஏறியபோது, நீதிபதிகளே இரு கூறாகப் பிரிந்துவிட்டனர். 1785-இல் மற்றொரு வழக்கு வந்தது. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், அப்பட்டத்தால் தமக்கு வேட்டைத் தகுதி உண்டென வாதிட்டார். கிங்ஸ் பெஞ்சு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அவ்வழக்கின்போதே சட்டத்தின் விந்தையொன்று தெளிவாயிற்று. எஸ்கொயரின் மைந்தனுக்கு வேட்டையாடும் உரிமை உண்டு. போதிய நிலமில்லாத எஸ்கொயருக்கோ அவ்வுரிமை இல்லை. தந்தைக்கில்லாத தகுதி தந்தையினாலேயே மைந்தனுக்கு வந்தது!

இச்சட்டங்களின் மற்றொரு கூறு விற்பனைத் தடை. வண்டிக்காரரும் சத்திரக்காரரும் தலைச்சுமை வணிகரும் இவ்வுயிர்களை வைத்திருந்தால் தண்டம் என 1707-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1755-இல் தகுதியுடையோரும் விற்றல் ஆகாது என்று தடை முழுமையாக்கப்பட்டது. கடையில் கிடையாத பொருளை விருந்தில் படைப்பதே பெருமையாயிற்று. நிலமுடையார் நண்பர்க்கு விடுக்கும் அன்பளிப்பாக முயலும் கௌதாரியும் விளங்கின. ஆயினும் இலண்டன் செல்வர்தம் வாய் அடங்கவில்லை. கோழி வணிகர் கேட்டனர். அஞ்சல் வண்டிகள் சுமந்தன. நாட்டுப்புறத்துக் கூலியாட்கள் இரவில் பிடித்துக் கொடுத்தனர்.

எனவே ஆங்கில நாட்டில் வேட்டையால் பிழைத்தோர் உண்மையில் இக்களவு வேட்டுவரே. கானவனும் எயினனும் செய்ததையே அவரும் செய்தனர். வேட்டையால் வாழாதவனுக்கு அது விளையாட்டு. வேட்டையால் வாழ்வோனுக்கு அது குற்றம். இம்முரணே அச்சட்டங்களின் உயிர்நிலை என்பது என் துணிபு. தண்டனையும் ஏறிக்கொண்டே சென்றது. 1816-இல் இரவு வேட்டைக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. 1828-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூவர்க்குக் குறையாத குழு படைக்கலத்தொடு இரவில் புகுந்தால் பதினான்கு ஆண்டு வரை நாடுகடத்தலாம். காலில் கம்பி தட்டியதும் தானே வெடிக்கும் துப்பாக்கிகளைக் காடுகளில் மறைத்து வைக்கும் கொடுமை 1827-இல்தான் தடை செய்யப்பட்டது.

இவ்வேலிக்குப் புறத்தே நின்றவை இரண்டு. ஒன்று தூண்டில். மீன்பிடித்தற்கு நீருடையான் இசைவு வேண்டுமாயினும் 100 பவுன் நிலம் வேண்டியதில்லை. அக்கலை குறித்து 1653-இல் வெளிவந்து இன்றும் படிக்கப்படும் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ நூலை இயற்றிய ஐசக் வால்ட்டன் இலண்டனில் துணி வணிகம் செய்தவர். பிற்காலத்தே ஷெபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளர் மன்றங்கள் அமைத்து, புகைவண்டியேறிச் சென்று மீன்பிடிப் போட்டிகள் நடத்தினர்.

மற்றொன்று நரி. அது உண்ணும் உயிரன்று. கோழி கவரும் தீங்குயிர் என்றே சட்டம் கருதிற்று. ஆகவே அதனைத் துரத்தத் தகுதி எதுவும் வேண்டப்படவில்லை. 1753 முதல் 1800 வரை லெஸ்டர்ஷயரில் குவார்ன் நாய்ப்படையை நடத்திய ஹ்யூகோ மெய்னெல் விரைவான குதிரை வேட்டையைச் செல்வர்தம் கலையாக்கினார். ஆனால் அதே காலத்தே வடக்கே கம்பர்லாந்து மலைகளில் நாய்ப்படை நடத்திய ஜான் பீல் ஓர் உழவர். அங்குக் குதிரை ஏறாத பாறைகளில் நாய்களின் பின்னே கால்நடையாகவே சென்றனர். டெவன் நாட்டு ஸ்விம்பிரிட்ஜ் என்னும் ஊரின் குருவாகிய ஜான் ரஸ்ஸல் தம் திருப்பணியொடு நாய்களையும் பேணினார்; ஒரு நாயினமே இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாவலாசிரியர் அந்தனி டிரோலப் இவ்வகையில் தனியே குறிக்கத்தக்கவர். 1834 முதல் 1867 வரை அவர் அஞ்சல் துறையில் பணியாற்றினார். விடியுமுன் எழுந்து நாவல் எழுதினார். பின்னர் அலுவல் பார்த்தார். குளிர்காலத்தில் வாரந்தோறும் நரிவேட்டைக்கும் சென்றார். உடல் பருத்தவர், கண்பார்வை குறைந்தவர், எனினும் விட்டாரல்லர். 1865-இல் வெளிவந்த தம் ‘ஹன்ட்டிங் ஸ்கெட்சஸ்’ நூலில் வேட்டைக்கு வரும் குருவையும் உழவனையும் தனித்தனியே வரைந்து காட்டினார். வேலி சிதைவதையும் கோதுமை மிதிபடுவதையும் பொறுத்துக்கொள்ளும் உழவனின்றி வேட்டையே இல்லை என்பதை அவர் நன்கறிவார். இவ்வரிசையில் எதிர்பாராத பெயர் ஒன்றும் உண்டு. மான்செஸ்டர் நகரில் பருத்தி ஆலை நிறுவனத்தில் 1869 வரை பணியாற்றிய பிரெடரிக் எங்கெல்ஸ், செஷயர் நாய்ப்படையொடு குதிரை ஏறி நரி துரத்தினார். மார்க்சின் தோழர் வேட்டைக் களத்தில் யாரோடு அளவளாவினார் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

1831-இல் இயற்றப்பட்ட வேட்டைச் சட்டம் நிலத் தகுதியை ஒழித்தது. உரிமச் சீட்டு வாங்கிய எவரும் நிலத்தின் வேட்டையுரிமையாளர் இசைவொடு சுடலாம். உரிமம் பெற்ற வணிகர் விற்கலாம். ராபர்ட் சர்ட்டீஸ் ஓர் இதழ் தொடங்கி, வேட்டைப் பித்துக்கொண்ட இலண்டன் மளிகை வணிகராகிய ஜாரக்ஸ் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தை உலவவிட்டதும் அதே 1831-ஆம் ஆண்டுதான். சட்டத்தின் ‘தாழ்ந்த வணிகர்’ இலக்கியத்தில் தலைவராயினார். ஆனால் உழவன் நிலை மாறவில்லை. நிலக்கிழார் குத்தகைச் சீட்டிலேயே வேட்டையுரிமையைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டனர். குத்தகை உழவன் தன் கழனி முயலைக் கொல்லும் நீங்காத உரிமையை 1880-ஆம் ஆண்டுச் சட்டமே அளித்தது.

அதற்கு முந்திய ஆண்டில், 1879-இல், சென்னை மாகாணம் நீலகிரிக்கென வேட்டை உயிர்களையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியமை நமக்கு நெருங்கிய செய்தி. உதகையில் நாய்ப்படை வைத்து வேட்டையாடிய ஆங்கிலர், தம் நாட்டுச் செந்நரி இங்கின்மையின், இந்நிலத்து நரியையே துரத்தினர். அவர் படையதிகாரிகளும் அரசு அலுவலரும் தோட்ட முதலாளிகளுமாவர், வேறொன்றால் வாழ்வோர். அம்மலையின் பழங்குடிகள் உணவிற்காக நாடிய விலங்குகளுள் சில, காலவரையும் உரிமச் சீட்டும் வேண்டும் உயிர்களாயின.

இருபதாம் நூற்றாண்டில் வேட்டை விருப்பினரின் தொழில்களை ஒரு வகையுள் அடக்குதல் அரிது. முயலை நாய்கள் துரத்தும் வாட்டர்லூ கோப்பைப் போட்டியை 1836-இல் தொடங்கியவரே லிவர்ப்பூல் விடுதிக்காரர் ஒருவர்தாம். தென் வேல்சில் 1960-களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தமக்கென ஒரு நரிவேட்டைக் குழு அமைத்தனர். பான்வென் சுரங்கத்தார் வேட்டை என்பது அதன் பெயர். இந்நிலையில்தான், வேட்டையைத் தடை செய்வதா என்னும் வாதம் எழுந்தபோது, பழைய வினா திசை மாறி வந்தது. பர்ன்ஸ் பிரபுவின் குழு 2000-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, நாய் வேட்டையை நம்பி ஏறத்தாழ 6,000 முதல் 8,000 முழுநேர வேலைகள் உள்ளன என்றும், அவற்றுள் வேட்டைக் குழுக்களே நேரில் கூலி கொடுப்பவை 700 அளவினவே என்றும் கணக்கிட்டது. குதிரைலாடம் அடிப்போர், குதிரை பேணுவோர், தீவனம் விற்போர் ஆகியோரே ஏனையோர். 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டனில் நான்கு இலட்சம் மக்கள் அணிவகுத்தனர். அவ்வணிவகுப்பிற்கு அவர் இட்ட பெயர் ‘உரிமையும் பிழைப்பும்’ என்பதாகும். பிழைப்பிற்காக வேட்டையாடியவனை நாடுகடத்திய நாட்டில், வேட்டையைக் காக்கப் பிழைப்பையே சான்றாக நிறுத்தினர். அச்சான்று போதியதாகக் கொள்ளப்படவில்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 பிப்ரவரி 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில்தான் கடைசி வாட்டர்லூ கோப்பைப் போட்டி நடந்தது. துப்பாக்கி வேட்டை தடைபடவில்லை. 1831-இல் நிலத் தகுதி ஒழிந்த பின்னும் எஞ்சியிருந்த உரிமச் சீட்டு, 2007 ஆகஸ்டு முதல் நாள் இவ்விரு நாடுகளிலும் நீக்கப்பட்டது.