எடை குறைந்த மாணவர்களுக்கும் களத்தில் இடம் வேண்டும்

யான், குவார் செம்பெடாக், குருண், பீடோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் 35, 40 கிலோவைத் தாண்டாதவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். பள்ளிக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது உயரமும் உடற்கட்டும் உள்ளவர்கள் முன்னே போய்விடுகிறார்கள். மெலிந்த பிள்ளை தனக்குச் சமமான ஒருவருடன் மோதிப் பார்க்க வழி தருபவை எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகள். சிலம்பம், கராத்தே, தெக்குவாண்டோ, மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் ஆகியவை அந்த வகை. ஆனால் அங்கேயும் கீழ்ப்பிரிவுகள் சுருங்கி வருகின்றன. பெற்றோரும் ஆசிரியர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

எடைப்பிரிவு எதற்கு?

ஒரே அளவு திறமை உள்ள இருவரில் 10 கிலோ கூடுதலாக உள்ளவருக்கே பலம் அதிகம். அந்த வேறுபாட்டை நீக்கி, திறமையை மட்டும் மோதவிடுவதே எடைப்பிரிவின் நோக்கம். காயத்தைத் தவிர்க்கவும் இது உதவுகிறது. உலகத் தெக்குவாண்டோவில் 12 முதல் 14 வயதினருக்கான பிரிவு ஆண்களுக்கு 33 கிலோவிலும் பெண்களுக்கு 29 கிலோவிலும் தொடங்கி வந்தது. வளரும் வயதில் இந்த அளவு நுணுக்கமான பிரிவு தேவை என்று அங்கு ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

கீழ்ப்பிரிவு சுருங்கிய கதை

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் அது. அன்று அவருடைய பிரிவுக்குக் கீழே 52 கிலோ பிரிவும் இருந்தது. 1972 முதல் 1996 வரை ஆண்கள் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் 10 பிரிவுகள் இருந்தன. மிகக் குறைந்தது 48 கிலோ. 2000-இல் அது 54 கிலோவாகவும், 2004-இல் 55 கிலோவாகவும், 2016-இல் 57 கிலோவாகவும் உயர்ந்தது. மொத்தப் பிரிவுகளும் ஆறாகக் குறைந்தன. ஒலிம்பிக்கில் பங்கேற்போர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பெண்கள் மல்யுத்தத்துக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக ஆண்களில் சிறிய உடலமைப்பு கொண்டவர்கள் வாய்ப்பை இழந்தார்கள்.

மற்ற விளையாட்டுகளிலும் இதே நிலைதான். 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில் ஐந்து முறை உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோவில் ஆட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே பிரிவே இல்லை. தம்மைவிடப் பெரியவர்களுடன் மோதி வெண்கலம் பெற்றார். நம் நாட்டின் அனிக் கஸ்டான் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ பளுதூக்குதலில் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 61 கிலோ என்பதால் அவரும் மேலே ஏற நேர்ந்தது.

பள்ளி அளவில் என்ன நடக்கிறது?

பள்ளி மல்யுத்தம் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கு ஆண் மாணவர்களின் மிகக் குறைந்த பிரிவு 2011-இல் 103 பவுண்டிலிருந்து 106 பவுண்டாக, அதாவது சுமார் 48 கிலோவாக உயர்த்தப்பட்டது. 2023-24 பருவம் முதல் 12, 13 அல்லது 14 பிரிவுகளில் எதையும் ஒவ்வொரு மாநிலமும் தேர்ந்தெடுக்கலாம். 12 பிரிவுகளை எடுத்தால் தொடக்கமே 108 பவுண்டு.

பல பள்ளிகளால் எல்லாப் பிரிவுக்கும் ஆள் சேர்க்க முடியவில்லை என்பது குறைக்கச் சொல்வோரின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மெலிந்த பிரிவில் ஆடுபவர்களில் பலர் அப்போதுதான் உயர்நிலைப்பள்ளிக்கு வந்த 14 வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு முதல் ஆண்டிலேயே இடம் இல்லை என்றால் அடுத்த ஆண்டு திரும்பி வருவார்களா? குழுக் கணக்கிலும் இவர்களுக்கு மதிப்பு உண்டு. இரு பள்ளிகள் மோதும்போது ஒரு பிரிவுக்கு ஆள் இல்லை என்றால் எதிரணிக்கு 6 புள்ளிகள் சும்மா போகும். 48 கிலோ மாணவர் ஒருவர் களமிறங்கினாலே அந்த இழப்பைத் தடுக்கலாம்.

எடையைக் குறைத்து நுழைவோர்

பெரிய உடலமைப்பு உள்ளவர்கள் பட்டினி கிடந்து, வியர்வை சிந்தி கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது இன்னொரு சிக்கல். பாரிசில் 57 கிலோவில் வெண்கலம் வென்ற அமன் செராவத், முந்தைய நாள் அரையிறுதிக்குப் பின் 61.5 கிலோ இருந்தார். ஒரே இரவில் 4.6 கிலோ குறைத்தார். வழக்கமாக 53 கிலோவில் ஆடிய வினேஷ் போகாட், 50 கிலோவுக்கு இறங்கி இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்றும், 100 கிராம் கூடியதால் நீக்கப்பட்டார். 1997-இல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் இறந்தனர். அதன் பின் விதிகள் கடுமையாயின. இன்று அங்குள்ள பள்ளி மாணவர் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு அது 600 கிராம்தான். உடற்கொழுப்பும் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 12 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது.

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க

* பருவத் தொடக்கத்தில் பிள்ளையின் இயல்பான எடையைக் குறித்து வையுங்கள். போட்டிச் சுற்றறிக்கையில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று பயிற்றுநரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

* எடை குறைக்கச் சொல்லி உணவையோ தண்ணீரையோ நிறுத்தினால் சம்மதிக்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு அது தீங்கு.

* கீழ்ப்பிரிவுக்கு இருவரே பதிந்திருந்தாலும் பிரிவை ரத்து செய்யாமல், அந்த இருவருக்கும் நட்புமுறை ஆட்டமாவது நடத்தும்படி ஏற்பாட்டாளரிடம் கோருங்கள்.

* பக்கத்துப் பள்ளிகளும் தோட்ட மன்றங்களும் சேர்ந்து பயிற்சி நடத்தினால் ஒத்த எடையுள்ள இணை கிடைக்கும்.

கீழ்ப்பிரிவுக்கு ஆள் இல்லை என்று சொல்லித்தான் அது நீக்கப்படுகிறது. நம் பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.