ரங்கன்திட்டு பறவைகள் சரணாலயம்

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரியின் நடுவே அமைந்த திட்டுகளின் தொகுதி. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜா ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் நீர் தேங்கி இத்திட்டுகள் உருவாயின. பாசனத்துக்கு எழுந்த அணை பறவைகளுக்கும் வீடானது. பறவையியலாளர் சாலிம் அலியின் வற்புறுத்தலால் மைசூர் அரசு 1940இல் இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

மருத மரங்களிலும் மூங்கில் புதர்களிலும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் ஆகியவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஆற்று ஆலாக்கள் மரத்தை நாடுவதில்லை. வெற்றுப் பாறைமீதே முட்டையிடும். ஆகவே நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் முதலில் அழிவது அவற்றின் முட்டைகளே. பாறைகளில் முதலைகள் வெயில் காய்வதால் ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியாது.

வனத்துறையின் துடுப்புப் படகுச் சவாரியே இங்கு முதன்மையான பொழுதுபோக்கு. கூடுகளுக்கு மிக அருகில் செல்வதால் பேச்சைக் குறைப்பது அவசியம். மிரண்டு எழும் தாய்ப்பறவை குஞ்சுகளைச் சுடும் வெயிலில் விட்டுவிடும். காலை வேளையே பார்வைக்கு உகந்தது. இனப்பெருக்கத்தை மார்ச், ஏப்ரல் மாதங்களில் காணலாம். மழைக்காலத்தில் மேலே உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்படும்போது திட்டுகள் மூழ்கும்; படகுகள் நிறுத்தப்படும்.