யவனர் மதுவும் கம்பம் திராட்சையும்

வானகரத்தைக் கடந்து கோயம்பேட்டுச் சந்தைக்கு விரையும் லாரிகளில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் காண்போர், மலைச்சாரல் தொடங்கிக் கடற்கரை வரை மதுச்சாலைகள் தோறும் தங்கிச் சுவைத்துச் செல்லும் மேனாட்டு யாத்திரை நம் நாட்டில் ஏன் தோன்றவில்லை என வினவக்கூடும். நம் பூர்வ சரித்திரத்தில் திராட்சை மது மலையிலிருந்து இறங்கவில்லை, கடலிலிருந்து கரையேறியது. மேலைக்கரைத் துறைமுகமான முசிறியில் மிளகை ஏற்றிய யவனக் (கிரேக்க, ரோமானிய) கலங்கள் சிறிதளவு மதுவும் கொணர்ந்தன என்று பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் உரைக்க, 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த ஆம்போராச் சாடிகளின் சில்லுகள் கீழைக்கரையிலும் அவ்வாணிகம் நிகழ்ந்தமைக்குப் பிரத்தியட்சச் சான்றாயின. இரு கைப்பிடியும் கூர்ந்த அடியும் கொண்ட அச்சாடிகள் சமதளத்தில் தாமாக நில்லா. கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்குவதற்கென்றே அமைந்தவை. சிலவற்றில் மதுவுக்குப் பதில் ஒலிவ எண்ணெயும், நம்மவர் மூக்கைப் பொத்தியிருக்கக்கூடிய மீன் ரசமும் வந்தன. யவன மது பாண்டியன் அரண்மனையை அலங்கரித்தது. குடியானவனுக்குக் கள்ளே போதுமாயிருந்தது.

கம்பத்துத் திராட்சைக் கொடியோ மிகப் பிற்காலத்தது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்ததாகச் சொல்லப்படுவது. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதையும் தழுவிய மதுவிலக்கின் காலத்தில், அது பழமாகவே சந்தையேறியதில் ஆச்சரியமில்லை.